காராமணியை ஒளித்து வைக்க வேண்டாம்

கேள்வி: டெக்சாஸில் டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில் ஓர் அப்பார்ட்மென்டில் இருக்கிறோம். என் கணவர் 2011இல் எச்1பி விசாவில் வந்தவர். கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருடம் ஆகிறது. அவருக்கு வேலை போய் ஏழு மாதம். அன்எம்ப்ளாய்மென்ட் பணமும் நின்றுவிட்டது. நான் இந்திய மளிகைக் கடையில் வாரம் இருபது மணி நேரம் வேலை செய்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. இருவரும் இங்கே பிறந்தவர்கள். மாடி வீட்டு மெக்சிகோக்கார அக்கா ஒருவர், பக்கத்திலுள்ள பாப்டிஸ்ட் சர்ச் நடத்தும் உதவி மையத்துக்கு என்னை அழைத்துப் போனார். வியாழக்கிழமைதோறும் மளிகை கொடுக்கிறார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகளை உட்காரவைத்து வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறார்கள். மகள் அங்கே போவது கணவருக்குத் தெரியும், மளிகை வாங்குவது தெரியாது. அரிசியையும் காராமணியையும் பையிலிருந்து எங்கள் டப்பாவில் கொட்டிவிட்டு, பையைக் கடைக் குப்பையில் போட்டுவிடுகிறேன். போன வாரம் மகள் இயேசு பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாள். "சோத்துக்காகச் சாமியை மாத்தணுமா?" என்று அவர் கேட்டார். எங்கள் தாத்தா ஊரில் பங்குனி உத்திரத்துக்கு அன்னதானம் போட்டவர். அந்த வரிசையில் நிற்கும்போது அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. இப்போது கரண்ட் துண்டிப்பு நோட்டீஸும் வந்திருக்கிறது. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாததால் ஃபுட் ஸ்டாம்ப் என்ற அரசு உணவு உதவி கிடைக்காது என்கிறார்கள். சர்ச்சில் உதவி வாங்கினால் நாளைக்குச் சிட்டிசன்ஷிப்புக்குத் தடை வருமா? மதம் மாற்றிவிடுவார்களா? தொடர்ந்து போவதா, நிறுத்துவதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வியாழக்கிழமை போங்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம். பிள்ளைகள் பசியாறுவதில் ஒரு வாரம்கூட விட்டுப்போக வேண்டாம்.

முதலில் கரண்ட். நோட்டீஸில் துண்டிக்கும் தேதி அச்சாகியிருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் மூன்று இடங்களுக்குப் பேசிவிடுங்கள். மின்சாரக் கம்பெனிக்கு நீங்களே போன் செய்து, பாக்கியைத் தவணையாகக் கட்டும் ஏற்பாடு வேண்டும் என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அவர்களாக முன்வந்து சொல்வது அரிது. அடுத்து 211 என்ற எண். இந்த ஊரில் எந்த நிறுவனம் எந்த உதவி செய்கிறது என்று வழிகாட்டும் இலவச எண் அது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். ஏழைக் குடும்பங்களின் மின்கட்டணத்துக்காக மத்திய அரசு 1981 முதல் மாநிலங்களுக்குப் பணம் தருகிறது. டெக்சாஸில் அது சீஏப் என்ற பெயரில் உங்கள் கவுன்டியில் உள்ள அமைப்பு வழியாக வருகிறது. அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்று 211இல் கேளுங்கள். அந்தப் பணம் தீர்ந்துவிட்டால் விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் நாளைக்கே பேசுங்கள். மூன்றாவது, நீங்கள் போகும் அதே சர்ச் மையம்.

அவர்கள் உங்கள் கையில் பணம் தர மாட்டார்கள். பெரும்பாலும் எல்லா மையங்களிலும் இதுதான் வழக்கம், அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிக்குப் போன் செய்து, "இந்தக் கணக்குக்கு இவ்வளவு நாங்கள் கட்டுகிறோம்" என்று உறுதி சொல்வார்கள். பிளெட்ஜ் என்பார்கள். அது பதிவானதும் பெரும்பாலும் துண்டிப்பை நிறுத்தி வைப்பார்கள், காசோலை பின்னால் போய்ச் சேரும். ஒரு சர்ச் முழு பில்லையும் கட்டுவது குறைவு. ஒன்று கொஞ்சம், இன்னொன்று கொஞ்சம், மீதிக்கு நீங்கள் என்று சேர்த்துத்தான் ஒரு பில் முடியும். அதனால் "வேறு எந்த இடத்தில் கேட்கலாம்?" என்று அவர்களிடமே கேளுங்கள். பக்கத்துச் சபைகளில் யார் எந்தக் கிழமை உதவுகிறார்கள் என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மனப்பாடம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வெப்ப எச்சரிக்கை அமலில் இருக்கும் நாளில் வீட்டு மின்சாரத்தைப் பாக்கிக்காகத் துண்டிக்க டெக்சாஸ் விதிகள் அனுமதிப்பதில்லை. கடும் உறைபனி நாளிலும் அப்படித்தான்.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி.

பதில் சொல்லுமுன் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதையும் சேர்த்து எடைபோடுங்கள். நான் பாளையங்கோட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். டெக்சாஸில் சமூகப் பணியாளராகப் பத்தொன்பது வருடம் ஆகிறது. சர்ச் மையங்களுக்குக் குடும்பங்களை அனுப்புவது என் அன்றாட வேலை. அவற்றோடு சண்டை போட்டதும் உண்டு.

உங்கள் கணவர் கேட்ட கேள்வி புதிதல்ல. நம் பக்கத்தில் அது நூற்றைம்பது வருடப் பழையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் புரட்டிப்போட்ட தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்போது, இன்றைய ஆந்திராவில் உள்ள ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். பக்கிங்காம் கால்வாய் வெட்டுவதை அரசாங்கம் பஞ்ச நிவாரண வேலையாக நடத்தியது. மயிலாப்பூர்க்காரர்கள் இன்றைக்கும் தாண்டிப் போகும் அதே கால்வாய்தான். அதில் சில மைல் நீளத்தைக் கிளஃப் ஒப்பந்தமாக எடுத்து, பட்டினியில் வந்தவர்களுக்கு மண்வெட்டும் கூலி வேலை கொடுத்தார். வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வருகிறார்களோ என்ற சந்தேகம் இருக்கும்வரை கொடுப்பதில்லை என்று ஒரு வருடத்துக்கும் மேல் நிறுத்தி வைத்தார். நிவாரணம் முடிந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார். 1878 ஜூலை 3ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலும் மாதிகா சமூகத்தினர், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தவர்கள். சோறு நின்ற பிறகும் அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். மரியாதையைத் தேடி வந்தார்கள் என்பது என் எண்ணம். ஆனால் உணவுக்கும் ஞானஸ்நானத்துக்கும் நடுவில் கோடு கிழிக்க வேண்டும் என்பதை ஒரு பாப்டிஸ்ட் மிஷனரியே பஞ்சத்தின் நடுவில் உணர்ந்திருந்தார். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் கேள்வியில் தப்பில்லை. கிளஃபும் அதே கேள்வியைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டார்.

பாப்டிஸ்டுகள் என்று ஒரே கட்சி கிடையாது. மேலே பிஷப் இல்லை, ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே எஜமான். வெள்ளையர் சபைகள், கறுப்பினச் சபைகள், ஸ்பானிஷ் பேசும் சபைகள் என்று எத்தனையோ. அடிமைகளை வைத்திருந்தவர்களை மிஷனரிகளாக அனுப்பலாம் என்று வாதாடி 1845இல் பிரிந்துபோன அமெரிக்கத் தெற்கத்திச் சபைகளும் இதில் உண்டு, அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் கட்டியெழுப்பிய சபைகளும் உண்டு. அதனால் ஒரு வாசலில் கண்டது இன்னொரு வாசலுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு இடத்திலும் புதிதாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பிடிவாதம் உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். தானாகப் புரிந்து, தானாக வாய்விட்டுச் சொல்பவரைத்தான் தண்ணீரில் முழுக்குவார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது எனக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தைக்கூட அவர்களில் பலர் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஒருவர் மனசாட்சியில் அரசோ அடுத்தவரோ கைவைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அதற்காகவே மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபை அங்கேதான் உருவானது. 1801இல் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகள் தங்கள் மத உரிமைக்காக ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலாகத்தான், சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவில் சுவர் என்ற அவருடைய புகழ்பெற்ற வார்த்தை வந்தது. ஆகவே நீங்கள் "வேண்டாம், நன்றி" என்று சொல்லும்போது அவர்களுடைய சொந்தக் கொள்கையைத்தான் அவர்களுக்கு நினைவூட்டுகிறீர்கள். நல்ல பாப்டிஸ்ட் அதை மதிப்பார்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன். அவர்கள் நம்பிக்கையோடுதான் இதைச் செய்கிறார்கள். நீங்கள் இயேசுவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அந்த மையத்தில் பலருக்கு உண்மையாகவே இருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆர்லிங்டனில் உள்ள மிஷன் ஆர்லிங்டன் என்ற உதவி மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் டில்லி பர்கின் என்ற அம்மையார், ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்சின் துணையோடு ஆரம்பித்தார். சர்ச்சுக்கு வராத ஜனங்கள் குடியிருக்கும் அப்பார்ட்மென்டுக்கே போய் பைபிள் வகுப்பு நடத்துவதுதான் தொடக்கம். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் காலியான ஃபிரிட்ஜும் மெத்தை இல்லாத தரையும் கண்ணில் படாமல் இருக்குமா? உணவு வந்தது, துணிமணி, மேசை நாற்காலி வந்தன, இலவச மருத்துவமும் பல் வைத்தியமும் வந்தன. அங்கே பைபிளும் பல் வைத்தியமும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரை அவர்கள் மறைப்பதும் இல்லை. அது உங்களுக்கு ஏற்பில்லை என்றால், அதைச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது, ஒரு எல்லை வரைக்கும். மையம் கொடுக்கும் மளிகையில் மத்திய வேளாண்மைத் துறையின் உணவும் இருந்தால், ஜெபத்தில் உட்கார்ந்தால்தான் பை என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. அரசு நேரடியாகத் தரும் பணத்தில் நடக்கும் எந்தச் சேவையிலும் வழிபாடு தனி நேரத்திலோ தனி இடத்திலோதான் இருக்க வேண்டும், விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும். சுவரில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அரசு உணவு வரும் இடம். முழுக்கச் சபையின் காணிக்கையில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் இந்த விதி பொருந்தாது, அங்கே பைபிள் கதை தாராளமாக இருக்கலாம். உங்கள் மகள் போகும் பள்ளிக்குப் பிந்தைய வகுப்பு இந்த இரண்டாவது வகையாக இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சண்டை போட்டதும் உண்டு என்றேன். பல வருடம் முன்பு ஒரு மையத்தில் மளிகைக்கு வந்தவர்களை முக்கால் மணி நேரம் பிரசங்கத்தில் உட்காரவைத்து, முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். நான் அனுப்பிய ஒரு தாய் கைக்குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். பால் பவுடருக்காகப் போனவள். அங்கே அரசு உணவும் வந்துகொண்டிருந்தது. நான் போன் செய்தேன், பொறுப்பாளர் வாதாடினார், நான் நேரில் போனேன். ஒரு மாதம் கழித்து ஜெபத்தைப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள், வேண்டியவர்கள் மட்டும் போனார்கள். அந்தப் பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. பசியோடு இருப்பவர் "சரி" என்று சொல்வதில் சம்மதம் எவ்வளவு, வேறு வழியில்லாமை எவ்வளவு என்று அவர் அதுவரை யோசித்ததில்லை.

வேறு ஓர் இடத்தில் கண்டதையும் சொல்ல வேண்டும். வெள்ளை முடி வைத்த ஓர் அம்மா, எண்பதை நெருங்கியிருப்பார். வரிசை திறக்க ஒரு மணி நேரம் முன்பே வந்து, நன்கொடையாக வந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பார். நடுவில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை, தையல் போட்ட விளிம்பில் நசுங்கியிருந்தால் கெட்டுப்போயிருக்கலாம். அதை அப்படியே குப்பையில் போடுவார். "என் பேரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றார் என்னிடம். ஒரு காலத்தில் அதே கதவு வழியாகப் பை வாங்கிப் போனவராம். இதுவரை அவர் என்னிடம் மதம் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் தேடிப் பொறுக்கி வைத்த டப்பாவில் எனக்கு அவருடைய மதம் நன்றாகவே தெரிந்தது.

உங்கள் மகளிடம் வருகிறேன். கடிதத்தில் இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை பாட்டுப் பாடுவதால் அவள் நம்பிக்கை மாறிவிடாது. பாட்டில் தாளம் இருக்கிறது, கைத்தட்டல் இருக்கிறது, கூடப் பாட சிநேகிதிகள் இருக்கிறார்கள். ஏழு மாதமாக வீட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் கனத்த மௌனத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரு சந்தோஷம் அது. அதற்காக அவளைத் திட்டாதீர்கள். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் கூட்டங்களில், முக்கியமாகக் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில், கடைசி நாள் ஓர் அழைப்பு வரும். இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள், முன்னால் வாருங்கள் என்பார்கள். சில இடங்களில் சிறு அட்டையில் பெயர் எழுதச் சொல்வார்கள். அந்த வயதுப் பிள்ளை, டீச்சர் சந்தோஷப்படட்டும் என்றே கை தூக்கும். சுயபுத்தியோடு வரும் விசுவாசம்தான் விசுவாசம் என்று சொல்லும் சபைகளே எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளை முன்னால் அழைப்பது எனக்கு ஒருபோதும் சம்மதமாக இருந்ததில்லை. பாப்டிஸ்டுகளிலேயே இதைக் கேள்வி கேட்பவர்கள் உண்டு.

அதனால் இந்த வாரமே மையத்தின் பொறுப்பாளரைத் தனியாகப் பார்த்து நேராகச் சொல்லுங்கள்: "நாங்கள் இந்துக் குடும்பம். வீட்டுப்பாடத்துக்கும் விளையாட்டுக்கும் மகளை மகிழ்ச்சியாக அனுப்புகிறேன். பைபிள் வகுப்பு எந்த நேரத்தில்? அந்த நேரத்தில் அவள் வேறு இடத்தில் உட்காரலாமா? எங்களைக் கேட்காமல் எந்த அட்டையிலும் அவள் பெயரை எழுத வேண்டாம், ஞானஸ்நானப் பேச்சு வேண்டாம்." இதையே இரண்டு வரியில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். பேசும்போது குரல் நடுங்கும், பரவாயில்லை. எழுதிய தாள் நடுங்காது. அவர் முகம் சுளித்தால், அல்லது "அப்படியென்றால் இடமில்லை" என்றால், மகளை நிறுத்திவிடுங்கள், மளிகையை நிறுத்த வேண்டாம். பொது நூலகத்திலும் உங்கள் பள்ளிக்கூடத்திலும் வேறு வகுப்பு இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

மகளிடமும் பேச வேண்டும், பூஜை மாடத்துக்கு முன்னால் நிறுத்தி அல்ல. காரில் போகும்போது பேசுங்கள். "அவங்க அவங்க சாமியைப் பத்திப் பாடுறாங்க. நாம நம்ம சாமியைக் கும்பிடுறோம். பாட்டுக் கத்துக்கிட்டா தப்பில்ல. யாராச்சும் கை தூக்கு, முன்னால வா, பேர் எழுதுன்னு சொன்னா, அம்மாகிட்டக் கேட்டுட்டு வரேன்னு சொல்லணும்." இது அவளுக்குப் புரியும். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லப் பழகுவது எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான்.

உங்களிடம் "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் கேட்பார்கள். "வேண்டாம், நன்றி" என்றாலும் பை கிடைக்க வேண்டும். ஜெபிக்கட்டும் என்று விட்டாலும் நீங்கள் எதையும் இழந்துவிட மாட்டீர்கள். தைரியம் எதில் வருகிறதோ அதைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மதுரைக்காரப் பெண் ஒவ்வொரு முறையும் "என் அத்தைக்கு முட்டிவலி, அதுக்கு வேண்டிக்கோங்க" என்று சொல்வார். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஃபுட் ஸ்டாம்ப் விஷயத்தில் உங்களுக்குப் பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் சமூகப் பாதுகாப்பு வரி கட்டி 40 காலாண்டு வேலை செய்தவருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. 40 காலாண்டு என்றால் சுமார் பத்து வருடம். எச்1பியில் செய்த வேலையும் அதில் சேரும். உங்கள் கணவர் 2011 முதல் வேலை செய்தவர். நடுவில் பெரிய இடைவெளி இல்லை என்றால் 40ஐத் தாண்டியிருப்பார். கல்யாணமான பிறகு அவர் சேர்த்த காலாண்டுகளை உங்கள் கணக்கிலும் காட்டலாம். சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் அவர் பெயரில் கணக்குத் திறந்தால் சம்பாதித்த வரலாறு முழுவதும் தெரியும், அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்த குடிமக்கள், அவர்களுக்கு எந்தக் காத்திருப்பும் கிடையாது. பெரியவர்களுக்கு மறுத்தாலும் அவர்களுக்குக் கிடைக்கலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். யுவர் டெக்சாஸ் பெனிஃபிட்ஸ் என்ற மாநில அரசுத் தளத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்துக் கடிதம் வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள், மேல்முறையீட்டுக்குத் தேவைப்படும். சின்னவனுக்கு ஐந்து வயது ஆகும்வரை விக் என்ற ஊட்டச்சத்துத் திட்டம் உண்டு, அதில் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. பெரியவளுக்குப் பள்ளியில் இலவச மதிய உணவுக்கு எழுதிப் போடுங்கள்.

சிட்டிசன்ஷிப் பயம் வேண்டாம். சர்ச் கொடுக்கும் மளிகை தனியார் தர்மம், அரசு உதவிக் கணக்கில் வராது. அரசுக்குச் சுமையாகிவிடுவாரா என்ற பரிசோதனை கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது வருவது, சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கிவிட்டுத் திரும்பினால் மட்டும் சிக்கல் வரலாம், அப்படிப் போக வேண்டியிருந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். இதைப் படிக்கும் எச்1பி குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் நிலை வேறு, விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அரசு உதவிக்கு விண்ணப்பிக்குமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். சர்ச் கொடுக்கும் அரிசிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் என்ன சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டிருப்பாரா? எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார். இலை போட்டிருப்பார். அந்தப் பந்தியில் ஒரு நாள் தன் பேத்தி உட்கார நேர்ந்திருந்தால், அவர் சாம்பார் வாளியோடு எப்படி வந்து நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வரிசையில் நிற்கும்போது நினைவுக்கு வரும் அவர் முகம் கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கணவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம். ஏழு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஆணுக்கு, மனைவி வரிசையில் நின்று அரிசி வாங்குகிறாள் என்று தெரிவது அடிதான். ஆனால் கடையிலிருந்து வாங்கியது என்று நினைத்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பதும், நீங்கள் ஒவ்வொரு வியாழனும் பையைக் கிழித்து மறைப்பதும் இன்னும் மோசம். ஒரு நாள் எப்படியும் தெரியவரும், அப்போது அரிசி பெரிதாகத் தெரியாது, மறைத்ததுதான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, மின்கட்டண நோட்டீஸை நடுவில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "உங்களால முடியல" என்ற தொனி எங்கும் வராமல், "நாம இதை எப்படிச் சமாளிக்கலாம்" என்று ஆரம்பியுங்கள். கிளஃப் கதையையும் அப்போது சொல்லலாம். பொறுப்பாளரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட அழைத்துப் போங்கள். அரிசி மூட்டையை இறக்கிவைக்க எந்த மையத்திலும் ஆள் பற்றாக்குறைதான். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் அவர் கிடந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள்.

சமையல் விஷயமாகவும் கேட்டிருந்தீர்களானால் சொல்லியிருப்பேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பைகளைக் கட்டி வைத்திருக்கும் இடம் என்றால், "நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை" என்று சொன்னால் டூனா மீன் டப்பாவை எடுத்துவிட்டுப் பயறு போட்டுத் தருவார்கள். நீங்களே எடுத்துக்கொள்ளும் இடம் என்றால் இன்னும் வசதி. ரீஃப்ரைடு பீன்ஸ் என்ற மசித்த பயறு டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கும். தெற்கத்திக்காரர்கள் காலையில் சாப்பிடும் கிரிட்ஸ், சோளத்தை உடைத்த ரவைதான். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கிளறினால் உப்புமா. அந்தக் காராமணி இங்கே வருடப் பிறப்பன்று அதிர்ஷ்டம் என்று சமைத்துச் சாப்பிடும் பண்டம், கறுப்பினக் குடும்பங்களிலும் வெள்ளையர் குடும்பங்களிலும். நாம் நவராத்திரிக்குச் சுண்டல் செய்யும் அதே பயறு.

வியாழக்கிழமை போகும்போது போட்டோ அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், மின்கட்டண நோட்டீஸ், உங்கள் கடைச் சம்பள ரசீது, கணவருடைய அன்எம்ப்ளாய்மென்ட் முடிந்ததற்கான கடிதம் எல்லாவற்றையும் ஒரே கவரில் எடுத்துப் போங்கள். நோட்டீஸில் கணக்கு எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிளெட்ஜ் போட அதைத்தான் முதலில் கேட்பார்கள். வாங்கி வந்த பையை அடுக்களை மேடை மேலேயே வையுங்கள்.